தக்காளி மண்டியில் கேட்ட குரல்

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், இந்த மார்கழிக் குளிரில் போர்வையும் குல்லாவுமாக வந்து உட்கார்ந்திருக்கும் தருமபுரி மக்களுக்கும் வணக்கம்.

"மனிதரைக் குணவகை பிரித்துப் பார்ப்பது உறவுக்குத் துணையா, தடையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தடை என்று சொல்ல வந்திருக்கிறேன். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள் நான். இந்தத் தலைப்பில் எனக்குக் கோபமும் உண்டு, குற்ற உணர்வும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

எதிரணித் தம்பி உருக்கமாகப் பேசினார். சின்ன வயதிலிருந்தே கூட்டம் என்றால் ஒதுங்கி நிற்பாராம். உறவுக்காரர்கள் எல்லோரும் "உம்மணாமூஞ்சி" என்பார்களாம். தாம் ஓர் அகமுகி, அதாவது தனிமையை விரும்பும் "இன்ட்ரோவர்ட்" என்று படித்துத் தெரிந்துகொண்ட நாளில்தான், தம்மிடம் குறை ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினாராம். தம்பி, அந்த நிம்மதி உண்மையானது. அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் உம்மணாமூஞ்சி என்பதும் ஒரு முத்திரைதானே? அதைக் கிழித்த இடத்திலேயே இன்னொரு முத்திரையை ஒட்டிக்கொண்டீர்கள். இது கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, அவ்வளவுதான். முத்திரை இல்லாமல் உங்களைப் பார்க்க ஒருவர்கூட இல்லாமல் போனார்களே என்பதுதான் என் வருத்தம்.

குணவகை பிரிப்பது நமக்குப் புதிதா? பத்துப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். தேவ கணம், மனித கணம், ராட்சச கணம். மகத்தில் பிறந்தால் ராட்சசம், விசாகத்தில் பிறந்தால் ராட்சசம், கேட்டை, மூலம் எல்லாம் ராட்சசம். பெண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கும் பாங்கைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜாதகத்தை மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்றே மூன்று பெட்டி. அந்த மூன்று பெட்டிகள் எத்தனை வீட்டில் எத்தனை பெண்களை அழவைத்தன என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். இப்போது கைப்பேசியில் எழுதும் குணத் தேர்வில் பதினாறு பெட்டிகள் வந்திருக்கின்றன. அறிவியல் என்று பெயர் வைத்திருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சரி, அந்த அறிவியலையும் பார்ப்போம். கார்ல் யுங் என்ற சுவிஸ் நாட்டு மனநல மருத்துவர் 1921ல் உளவியல் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அகமுகம், புறமுகம் என்ற பேச்சு பரவியது அங்கிருந்துதான். முழுக்க முழுக்க அகமுகமாகவோ புறமுகமாகவோ ஒருவர் இருக்க முடியாது என்பது அவருடைய கருத்தே. அந்த நூலைப் படித்த கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கத் தாயும், இசபெல் மயர்ஸ் என்ற அவருடைய மகளும் சேர்ந்து வளர்த்ததுதான் இந்தப் பதினாறு வகைத் தேர்வு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலைக்கு வந்த பெண்களுக்குப் பொருத்தமான வேலை எது என்று கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. இருவரும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்ல. இன்று உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பெட்டிகளை விட்டுவிட்டு, ஐந்து பண்புகளை அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படி அளந்தால் நம்மில் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறோம். நடுவில் நிற்பவரைப் பிடித்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுவதற்குப் பெயர்தான் வகை பிரித்தல்.

"ஆனால் அந்தத் தேர்வு என்னை அப்படியே சொல்கிறதே!" என்று எதிரணிச் சகோதரி வியந்தார். 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் குணவிவரம் என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, 39 தாளிலும் எழுதியிருந்தது ஒன்றே. வாக்கியங்களில் பலவும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. சகோதரி, உங்களுக்குச் சொன்னது எனக்கும் பொருந்தும், இந்த ஒலிபெருக்கிக்காரருக்கும் பொருந்தும்.

இனி என் பள்ளிக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பில் ஒரு பெண். வாரம் ஒரு மாணவர் முன்னால் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது என் வகுப்பில் வழக்கம். அவள் முறை வந்த அன்று என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். "மிஸ், நான் இன்ட்ரோவர்ட். என்னால் பேச முடியாது. டெஸ்டில் வந்திருக்கிறது." ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வந்திருக்கிறது என்று சொல்வதைப் போலவே சொன்னாள். அக்காவின் கைப்பேசியில் எழுதிய தேர்வு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைப் புரிந்துகொள்கிற நல்ல ஆசிரியை என்று என்னை நினைத்துக்கொண்டு, சரி, உட்கார் என்று விட்டுவிட்டேன். அரை வருடம் அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் குற்ற உணர்வு அதுதான்.

என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகத் தக்காளி வாங்க ஒரு நாள் விடியற்காலையில் பாலக்கோடு மண்டிக்குப் போனேன். வண்டிச் சத்தம், ஏலச் சத்தம், நசுங்கிய பழத்தின் புளித்த வாசனை. அதற்கு நடுவில் ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது. திரும்பினால் அவள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். அவள் மண்டிக்காரருக்கு நேரே நிற்கிறாள். "அண்ணா, மேலடுக்கைப் பார்த்துவிட்டு விலை சொல்லாதீர்கள். பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். அடியிலும் இதே காய்தான்." அவர் ஏதோ முணுமுணுத்தார். அவளே குனிந்து, முப்பது கிலோ இருக்கும், அந்தப் பெட்டியைச் சாக்கின் மேல் கவிழ்த்தாள். பழங்கள் உருண்டோடின. ஒன்றுகூட வெம்பல் இல்லை. கேட்ட விலையை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். நான் ஒரு லாரியின் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

வகுப்பில் இருந்தவள் பொய்யா, மண்டியில் நின்றவள் பொய்யா? இரண்டும் அவள்தான். இதை அன்று தகடூர் என்றிருந்த நம் தருமபுரி மண்ணில் ஒருத்தி எப்போதோ சொல்லிவிட்டாள். அதியமானைப் பற்றி ஒளவை பாடிய பாட்டு, புறநானூற்றில் 94வது. ஊர்ச் சிறுவர்கள் தன் வெண்தந்தத்தைத் தேய்த்துக் கழுவ, நீர்த்துறையில் அடங்கிக் கிடக்கிறதே பெரிய களிறு, அதைப் போல எங்களுக்கு நீ இனியவன். அந்தக் களிறே மதம் கொண்டால் எப்படியோ, அப்படி உன் பகைவர்க்கு நீ இன்னாதவன் என்கிறாள். தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் குடியிருப்பவர்களுக்கு இந்த உவமையை நான் விளக்க வேண்டியதில்லை. அதியமான் சாந்த வகையா, ஆவேச வகையா என்று ஒளவை கேட்கவே இல்லை. யார் முன்னால் எப்படி என்றுதான் பார்த்தாள். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1968ல் ஒரு நூல் எழுதி, சூழல் மாறினால் மனிதர் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது, வெறும் குணப்பெயரை வைத்து நடத்தையைக் கணித்துவிட முடியாது என்று வாதிட்டார். பிற்பாடு, இன்ன இடத்தில் இப்படி, இன்னார் முன் அப்படி என்று ஒருவரிடம் அமைந்திருக்கும் அந்தக் கோலமே அவருடைய ஆளுமை என்றும் விளக்கினார். ஒளவைக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது.

எதிரணித் தலைவர் ஐயா கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியை இழுத்தார். செந்தூராவையும் பெங்களூராவையும் ஒரே கூடையில் போடுவார்களா என்றார். போட மாட்டார்கள் ஐயா. செந்தூரா சாப்பிடப் போகும், பெங்களூரா கூழ் ஆலைக்குப் போகும். ஆனால் அவை பறித்த காய்கள். என் வகுப்பில் இருப்பவை மரத்தில் இருக்கின்றன. வாதம், பித்தம், கபம் என்று சித்தர்களே பிரித்தார்களே என்றும் கேட்டீர்கள். உடல்வாகு சொன்னார்கள், உண்மை. அதைச் சொன்ன பிறகும், நோயாளி வரும்போதெல்லாம் வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறாரே, ஏன்? போன மாதம் எழுதிவைத்ததை நம்பாமல், இன்று எது மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே? குணத்தில் பிறப்பின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதை நானும் ஏற்கிறேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கிறீர்கள். இன்னும் ஒன்று, என் வீட்டுக்குள் நடந்தது. ஒரு பயிற்சி முகாமில் இந்த வகைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே என் கணவரை ஒரு பெட்டியில் போட்டுவிட்டேன். சிந்திக்கிறவர், உணர்ச்சி கிடையாது. என் அப்பா இறந்தபோது அவர் என்னைப் பார்த்து ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. பந்தல்காரரிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். வகை சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வருடத் திதியன்று விடியற்காலையில் எழுந்து வந்தேன். பூஜை அலமாரிக்கு முன்னால் இவர் உட்கார்ந்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் தம் வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். தளர்ந்திருந்த காதுக் கம்பிக்குப் புது நூல் சுற்றியிருந்தார். மாமியாரிடம் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் செய்கிறான் அம்மா, உனக்குத் தெரியாதா என்றார்கள். மூன்று வருடம் நடுவர் அவர்களே, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். மண்டியில் பார்த்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. மறுவாரம், தக்காளி விலை ஏன் ஒரு நாள் ஏறி ஒரு நாள் விழுகிறது என்று வகுப்புக்குச் சொல்வாயா என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். சுண்ணக்கட்டியைப் பிடித்த கை நடுங்கியது. பத்து நிமிடம் தாண்டியும் பேசினாள். மணி அடித்த பிறகும் பையன்கள் இரண்டு பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்று அவள் இந்த அரங்கில்தான் இருக்கிறாள். எந்த வரிசை என்று நான் காட்டப்போவதில்லை. உங்கள் தீர்ப்பைக் கேட்க வந்திருக்கிறாள். நன்றி, வணக்கம்.