வாசலில் இரண்டு ரூபாய் மின்சாரம்

நேயர்களுக்கு வணக்கம். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின்பூங்கா ஏலத்தில் யூனிட் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020 நவம்பரில் அதே மாநிலத்தில் இன்னொரு ஏலம் 2 ரூபாயைத் தொட்டது. பிறகு ஜெய்ப்பூர்க்காரர் வீட்டு பில் ஏன் குறையவில்லை?

அது பூங்காவின் வாசல் விலை, அதாவது நிலையத்தை விட்டு வெளியேறும் இடத்தில் மின்சாரத்துக்கான விலை. அதுவும் வெயில் நேரத்து விலை. சிலிக்கான் தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். மே மாத மதியம் தகடு 65 டிகிரியைத் தொட்டால் ஆறில் ஒரு பங்கு போச்சு. புழுதி வேறு. தண்ணீர் அரிது என்பதால், பொழுது சாய்ந்தபின் உலர் தூரிகை இயந்திரங்களை ஓட்டித் துடைக்கிறார்கள். இதெல்லாம் ஏலம் கேட்பவர் கணக்கிலேயே அடங்கிவிடும். அடங்காத செலவு வாசலுக்கு வெளியே இருக்கிறது.

சூரிய நிலையத்தை ஒன்றரை வருஷத்தில் நிறுவிவிடலாம். 765 கிலோவோல்ட் மின்தடத்துக்கு அதைவிட நாளாகும். ஜெய்சல்மேர் பக்கம், மின்கம்பியில் மோதிச் சாகும் அரிய பறவையான கானமயிலின் வாழிடம். கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கச் சொன்ன 2021 உத்தரவை உச்ச நீதிமன்றமே 2024-ல் தளர்த்தியது. தடம் போதாவிட்டால் நண்பகல் உற்பத்தியை நிறுத்தச் சொல்வார்கள்.

சூரத்கர், கோட்டா அனல்மின் நிலையங்களை (பர்சிங்சரில் நம் நெய்வேலி நிறுவனமே பழுப்பு நிலக்கரி நிலையம் நடத்துகிறது) மதியம் அணைத்து மாலையில் பற்றவைக்க முடியாது. நிலக்கரி அலகை 55 சதவீதச் சுமையிலாவது ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மின்விநியோக நிறுவனம் அந்த நிலையத்துக்கு நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். பொழுது சாய்ந்ததும் மின்சந்தையில் யூனிட் விலை 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடுவதுண்டு.

இந்த மாநிலத்தின் உச்சத் தேவை பெரும்பாலும் கோடையில் வருவதில்லை. ராபி எனும் குளிர்காலச் சாகுபடிக்குப் பம்புசெட் ஓடும் குளிர்மாதங்களில்தான் வருகிறது. ஆகவே பம்புசெட்டைப் பகலுக்கு மாற்றுவதே முதல் வேலை என்பேன். விவசாயிகளுக்கான மத்திய அரசின் சூரிய மின் திட்டமான பி.எம். குசும் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையத்தை விவசாயி நிலத்திலேயே, துணைமின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் அமைக்கலாம். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர். நெடுந்தூர மின்தடம் வேண்டாம், வழியிழப்பும் குறைவு.

சிக்கல், துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11 கே.வி. ஃபீடர் கம்பியில் இருக்கிறது. அது டிரிப் ஆனால் சோலார் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காதிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும், மீட்டர் நகராது. முதலில் விவசாய ஃபீடரைத் தனியே பிரித்து, கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பலப்படுத்த வேண்டும். தகடு மாட்டுவது அதற்கப்புறம்தான்.