அத்தை ஏன் அடுப்படியில் நிற்கிறார்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, தங்கச்சிமடம் கோயில் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"நம் கடற்கரையில் விசுவாசத்தைக் காப்பது ஊர் நம்பிக்கையா, மறைநூலா?" இதுதான் தலைப்பு. மறைநூலே, அதாவது நம் வேதமான பைபிளே, என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "எழுத்தே தெரியாத நம் அப்பத்தாக்கள் எந்த வேதத்தைப் படித்தார்கள்? 1964 புயலில் தனுஷ்கோடியே அழிந்த பிறகும் நம்மைத் தாங்கியது ஊர் நம்பிக்கைதானே?" என்றார். என் அப்பத்தாவும் கைநாட்டுதான். ஆனால் தினமும் ராத்திரி ஜெபமாலையை உருட்டியபடி "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஐம்பது தடவை சொல்வார். அது யார் சொன்ன வாழ்த்து? லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வானதூதர் சொன்னது. "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே" என்பது அதே அதிகாரத்தில் எலிசபெத்து சொன்னது. அண்ணே, புயலில் நம்மைத் தாங்கிய அந்த ஜெபத்தில் இருந்ததே வேதம்தான். அப்பத்தாவுக்கு அது புத்தகத்தில் இல்லை, வாயிலேயே இருந்தது.

அப்புறம், காற்றும் நீரோட்டமும் பார்த்துக் கடலுக்குப் போவதையும் ஊர் நம்பிக்கைக் கணக்கில் சேர்த்தார்கள். அது தொழில் அறிவு. மேற்கே மேகம் எழும்பினால் மழை, தெற்கிலிருந்து அடித்தால் வெக்கை என்று நீங்கள் சொல்வது அப்படியே நடக்கிறதே என்று இயேசுவே மக்களிடம் சொல்லியிருக்கிறார். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே வருகிறது என்று சொல்கிறேன். என் அத்தையின் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அப்போது அத்தைக்கு 29 வயது. மறு மாதத்திலிருந்து, விடியற்காலையில் ஆண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அவர் வாசலுக்கு வரக் கூடாது. எதிரே வந்தால் பாடு, அதாவது மீன், கிடைக்காதாம். எங்கள் வீட்டு முதல் கல்யாணத்தில், கோயிலுக்குக் கிளம்பும் முன் பெரியவர்கள் எல்லாரும் மணப்பெண் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார்கள். அத்தை அடுப்படியில் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றார். எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, வேதம் என்ன சொல்கிறது? பச்சைக் குழந்தையான இயேசுவை எருசலேம் கோயிலுக்குத் தூக்கி வருகிறார்கள். அங்கே எதிரே வந்தது யார்? அன்னா. கல்யாணமாகி ஏழே வருடத்தில் கணவனை இழந்து, 84 வயதாகி நின்ற கைம்பெண். மரியா பிள்ளையை முந்தானையில் மறைத்துக்கொள்ளவில்லை. அன்னா கடவுளைப் புகழ்ந்து, அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லாரிடமும் பேசினார் என்று லூக்கா எழுதுகிறார். பிப்ரவரி 2-ஆம் தேதி நாம் மெழுகுதிரி மந்திரித்து வாங்கி வருகிறோமே, அது இந்த நிகழ்ச்சியின் திருநாள்தான். திரியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அன்னாவைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 4, ஓரியூரில் உயிர் கொடுத்த பாதிரியார் அருளானந்தரின் திருநாள். அங்கே போய்ச் செம்மண் எடுத்துப் பொட்டலம் கட்டி வருகிறோம். நானும் எடுத்து வந்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1693-இல் அவர் தலை எதற்காக வெட்டப்பட்டது? மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நற்செய்தியை ஏற்று, பல மனைவியர் என்ற அந்தக் கால வழக்கத்தை விட்டு, ஒருவரோடு மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவருக்கு வலித்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அவர் முறையிட்டதில்தான் அருளானந்தர் மேல் அரசரின் கோபம் பாய்ந்தது. ஊர் வழக்கத்துக்கு எதிரே வேதத்தைப் பிடித்து நின்றவரின் ரத்தம் விழுந்த மண் அது. அந்த மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, எதிரே ஒரு கைம்பெண் வந்தால் முகத்தைத் திருப்பலாமா?

துன்பப்படும் அநாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பதே கடவுள் முன் மாசற்ற பக்தி என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். சகுனம் பார்த்து ஒதுங்கு என்று ஒரு வரி எங்கேயாவது இருந்தால் எதிரணி எடுத்துக் காட்டட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம், என் மாமியாரும் சம்மதித்துவிட்டார். அத்தைதான் இன்னும் பயப்படுகிறார். இதோ, மாதா கெபி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை, நீங்கள் வந்து முதல் சிலுவையைப் போட்ட பிறகுதான் என் மகள் வாசற்படி இறங்குவாள்.