பந்து கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே தப்பு நடந்துடுது: காலேஜ் கார்டுங்களோட ஷாட் தேர்வு

வணக்கம் மக்களே. இன்னிக்கு அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல கார்டுங்க (பந்தைக் கொண்டு வந்து, பெரும்பாலும் வெளியில நின்னு ஆடறவங்க) எடுக்கற ஷாட்டைப் பத்திப் பேசுவோம். பந்து உள்ள போனா கைதட்டறோம், வெளிய போனா "ஏன்டா இந்த ஷாட்டு"ன்னு கத்தறோம். ரெண்டுமே தப்பான அளவுகோல். அந்த ஷாட்டை எடுத்திருக்கலாமாங்கறதுதான் கேள்வி.

முதல்ல கணக்கைப் பாருங்க. ரெண்டு டிரிபிள் (பந்தைத் தரையில தட்டறது) போட்டு, ரிங்குலேர்ந்து 18 அடியில சட்டுனு நின்னு, டிஃபெண்டரோட கை முகத்துக்கு நேரா இருக்கும்போது எழும்பிப் போடற ஷாட்டு, அதாவது ஜம்ப்பர். அதை நூத்துக்கு 40 போடறவன் கெட்டிக்காரன்தான். ஆனா ஒண்ணுக்கு ரெண்டு பாயிண்ட்தான், 100 ஷாட்டுக்கு வர்றது 80 பாயிண்ட். அதே பையன் நின்ன இடத்துல பாஸ் வாங்கி, நூத்துக்கு 35 த்ரீ (கோட்டுக்கு வெளியிலேர்ந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்டு) போட்டாலே 105 பாயிண்ட். ரிங்குக்குப் பக்கத்துல 60 போட்டா 120. இதுல ரொம்ப வயித்தெரிச்சலான ஷாட்டு எதுன்னா, த்ரீ கோட்டை மிதிச்சுட்டு எடுக்கறது. ஆண்கள் ஆட்டத்துல 2019-20 சீசன்லேர்ந்து கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குப் பின்னாடி போயிடுச்சு. பழைய தூரத்துலயே கால் பழகின பையன் கோட்டு மேல நின்னு, அவ்வளவு தூரத்துலேர்ந்து ரெண்டு பாயிண்டுக்குப் போடறான்.

இப்போ தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பார்ப்போம். மேல, அதாவது ரிங்குக்கு எதிரே த்ரீ கோட்டுக்கிட்ட, ஸ்கிரீன் வெச்சாச்சு (நம்ம ஆள் ஒருத்தன் டிஃபெண்டரோட வழியை மறிச்சு நிக்கறது), கார்டு சுத்தி வந்துட்டான், அவனோட டிஃபெண்டர் பின்னாடி மாட்டிக்கிட்டான். எதிர் டீம் பிக் மேன் (ரிங்குகிட்ட காக்கற உயரமான ஆள்) முன்னாடி வராம பின்வாங்கி நிக்கறான். என்பிஏவுல (அமெரிக்க புரொஃபஷனல் லீக்), பக்கத்துல எந்த எதிராளியையும் காக்காம மூணு செகண்டுக்கு மேல பெயிண்ட்ல (ரிங்குக்கு முன்னாடி இருக்கற கட்டம்) நின்னா டெக்னிக்கல் ஃபவுல். காலேஜ்ல அந்த ரூலே கிடையாது, அவன் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பான். கார்டு ரிங்கை மட்டும் பார்த்துக்கிட்டே போறான், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கிட்ட பந்தைத் தூக்கிடறான், ஒத்தக் கால்ல எழும்பறான், அதுக்கப்புறம் காத்துல யோசிக்கறான். பாஸுக்கு வழி இருக்காது. பக்கவாட்டுல சாய்ஞ்சு பிக் மேன் கைக்கு மேல தூக்கிப் போடற ஒரு ஃப்ளோட்டர், அவ்வளவுதான்.

ரெண்டாவது டிரிபிள்லயே அவன் பார்த்திருக்க வேண்டியது பிக் மேனை இல்ல, எதிர்ப்பக்க கார்னர்ல நிக்கற டிஃபெண்டரோட காலை. அந்தக் கால் பெயிண்டுக்குள்ள வந்துட்டா, கார்னர்ல நம்ம ஆள் ஃப்ரீ. டிரிபிள் உயிரோட இருக்கும்போதே, அதாவது பந்தைக் கையில பிடிக்கறதுக்கு முன்னாடியே, பந்து அங்க போகணும். கால் வரலைன்னா ரிங்கு வரைக்கும் போகலாம். சந்தேகமா இருந்தா ரெண்டு காலையும் ஊனி நிக்கணும். அப்போ பிவட் பண்ணலாம் (ஒரு காலை ஊனி சுழலறது), ஃபேக் காட்டலாம் (போடற மாதிரி ஏமாத்தறது), திருப்பிக் கொடுக்கலாம். ஒத்தக் கால்ல எழும்பினா இது எதுவுமே இல்ல.

ஷாட் கிளாக்குக்கு வருவோம், அதாவது ஷாட்டு எடுக்க ஒரு டீமுக்குக் கிடைக்கற நேரம். 2015-16லேர்ந்து ஆண்களுக்கு 30 செகண்ட். 23 செகண்ட் பாக்கி இருக்கும்போது ஒரு பாஸ்கூட இல்லாம டிரிபிள் போட்டு எடுக்கற த்ரீ ஏன் கெட்டது? டிஃபென்ஸ் இன்னும் நகரவே இல்ல, ரீபவுண்டுக்கு (மிஸ் ஆகித் தெறிக்கற பந்தைப் பிடிக்க) நம்ம ஆளுங்க யாரும் இடம் பிடிக்கல, தூரத்து மிஸ் பெரும்பாலும் தூரமாத்தான் தெறிக்கும். பின்னாடி ஓட வேண்டிய கார்டே ஷாட்டு போட்டுட்டு நிக்கறான், அந்தப் பக்கம் எதிர் டீமுக்கு ரிங்குகிட்ட சுலபமா ஒரு லே-அப் விழுது. அதுக்காக "அஞ்சு பாஸ் கொடுக்காம போடாதே"ன்னு கோச் கத்தறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஃபாஸ்ட் பிரேக்ல (எதிர் டீம் திரும்பி வர்றதுக்குள்ள வேகமா ஓடி ஆடறது) கால் ஊனி பாஸ் வாங்கின ஃப்ரீ த்ரீ, 25 செகண்ட் பாக்கி இருந்தாலும் நல்ல ஷாட்டுதான். அதே மாதிரி 3 செகண்ட்தான் பாக்கின்னா அந்த 18 அடி ஜம்ப்பரைக் குறை சொல்ல முடியாது. ஆனா மேலயே 12 செகண்ட் பந்தைத் தட்டிக்கிட்டு நின்னு அந்த நிலைமையை உண்டாக்கினது யாருன்னு கேளுங்க. முதல் ஸ்கிரீன் 20 செகண்ட் பாக்கி இருக்கும்போதே வந்திருக்கணும்.

இன்னொண்ணு, போர்டுல ஃபவுல் எண்ணிக்கையைப் பாருங்க. ஆண்கள் ஆட்டத்துல ஒரு பாதியில எதிர் டீமோட ஏழாவது ஃபவுல்லேர்ந்து ஒன்-அண்ட்-ஒன் (முதல் ஃப்ரீ த்ரோ உள்ள போனாதான் ரெண்டாவது), பத்தாவதுலேர்ந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ. நூத்துக்கு 70 போடறவனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோன்னா சராசரி 1.4 பாயிண்ட். அந்த நேரத்துல உள்ள புகுந்து ஃபவுல் வாங்கப் பார்க்காம ஜம்ப்பருக்கு நிக்கறது பாயிண்டைத் தானம் கொடுக்கற மாதிரி.

திருத்தறதுக்கு, ப்ராக்டிஸ்ல 12 செகண்ட் கிளாக் வெச்சு நாலுக்கு நாலு ஆட விடுங்க. ஃப்ரீயா பாஸ் வாங்கி எடுத்த த்ரீ, ரிங்குகிட்ட எடுத்த ஷாட்டு ரெண்டுக்கும் உள்ள போகலைன்னாலும் 1 பாயிண்ட். டிஃபெண்டரோட கை முகத்துக்கு நேரா இருக்கும்போது எடுத்த தூரத்து ரெண்டு பாயிண்ட் ஷாட்டு உள்ள போனாலும் பூஜ்யம், போகலைன்னா மைனஸ் 2. வீடியோ பார்க்கும்போது பந்து கையை விடற ஃபிரேம்ல வீடியோவை நிறுத்திட்டு, அந்தக் கார்டையே ஷாட்டுக்கு மார்க் போடச் சொல்லுங்க. மார்க்கை எழுதினப்புறம்தான் ப்ளே பண்ணணும்.