வைஃபை தெரிகிறது, லேப்டாப் தானாகச் சேர மறுக்கிறது

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் இருப்பது என் சித்தியின் லேப்டாப். விண்டோஸ் 11. புகார் இதுதான்: வைஃபை பெயர் பட்டியலில் தெரிகிறது, அதைத் தொட்டு ‘கனெக்ட்’ கொடுத்தால் நொடியில் இணைந்துவிடுகிறது, கடவுச்சொல்கூடக் கேட்பதில்லை. ஆனால் தானாக இணையாது. காலையில் திறந்ததும் கையால் தொட்டுவிட்டால்தான் உண்டு. கடையில் கேட்டதற்கு ஃபார்மேட் போடச் சொன்னார்களாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை!

சித்தி சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. தொட்டால் இணைகிறது என்றால் ரூட்டர் நன்றாக இருக்கிறது, கடவுச்சொல் சரி, சிக்னலும் சரி. ஆகவே ரூட்டரை அணைத்துப் போடுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். யாரும் தொடாமலே இணையும் அந்த ஏற்பாடுதான் எங்கோ தடைபட்டிருக்கிறது.

ஒவ்வொரு வைஃபைக்கும் விண்டோஸ் ஒரு சிறிய பதிவு வைத்துக்கொள்கிறது. அதற்கு ‘புரொஃபைல்’ என்று பெயர். பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல், இவற்றோடு தானாக இணையலாமா கூடாதா என்பதும் அதில் இருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, அதற்குள் உங்கள் வைஃபையின் பண்புகள் பக்கத்துக்குப் போங்கள். மேலேயே ‘கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி’ என்ற பெட்டி இருக்கும். டிக் இல்லையென்றால் வைத்துவிடுங்கள், பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். இன்னொன்று: நாமே ‘டிஸ்கனெக்ட்’ அழுத்தியிருந்தால், இவருக்கு இந்த வைஃபை வேண்டாம் போலிருக்கிறது என்று விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் யாராவது அழுத்தியிருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

சித்தியின் லேப்டாப்பில் டிக் இருக்கிறது. இதோ, தெரிகிறதா? வெளிச்சம் கொஞ்சம் அடிக்கிறது, மன்னிக்கவும். டிக் இருந்தும் இணையவில்லை என்றால் சிலர் உடனே ‘நெட்வொர்க் ரீசெட்’ செய்யச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சேமித்து வைத்த எல்லா வைஃபையும் அதில் அழிந்துபோகும், அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மென்பொருள் இருந்தால் அதையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். இந்த ஒரு வைஃபையை மட்டும் ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்கிவிட்டு, கடவுச்சொல் போட்டுப் புதிதாகச் சேர்த்தால் புரொஃபைல் புதிதாக எழுதப்படும். செய்துவிட்டேன். அப்போதும் அதே கதைதான்.

இனி கேட்க வேண்டிய கேள்வி, எப்போது இணையவில்லை என்பது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பாருங்கள். ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கிறேன். திறந்தது, வைஃபை தானாக வந்துவிட்டது! இப்போது ‘ஷட் டவுன்’ கொடுத்து, பொத்தானை அழுத்தி மறுபடி திறக்கிறேன். வரவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்போம், ஒன்றல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உட்கருவையும், வைஃபை போன்ற சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டுகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. பழைய நிலையிலிருந்து எழும் வைஃபை டிரைவர் சில சமயம் சரியாக விழிப்பதில்லை.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. மேலே இருக்கும் நீல நிற வரியைத் தொட்டால்தான் கீழே உள்ள பெட்டிகளை மாற்ற முடியும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துச் சேமிக்கிறேன். ஷட் டவுன்… திறக்கிறேன்… வந்துவிட்டது. திறக்கச் சில நொடி கூடும். எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு இருக்கும் லேப்டாப்பில் அது உறைக்கவே உறைக்காது.

உங்களுக்கு மூடியை மூடித் திறக்கும்போது மட்டும் தொல்லையென்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கம் போங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். டிரைவர் புதுப்பிக்கும் மென்பொருள் என்று விளம்பரத்தில் வருகிறதே, அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

கல்லூரி, ஓட்டல் வைஃபையில் ஒவ்வொரு முறையும் பக்கம் திறந்து எண் கேட்கிறதா? அது அந்த இடத்தின் ஏற்பாடு, லேப்டாப்பில் கோளாறு தேடாதீர்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இப்போது திரையில் தெரியும் ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ (netsh wlan show wlanreport) கட்டளையை அடியுங்கள். கடைசி 3 நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது, ஏன் துண்டித்தது என்று ஓர் அறிக்கை வரும். பிரவுசரில் திறந்தால் பிழை வந்த இடங்கள் சிவப்பில் தெரியும். லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் ஃபார்மேட் பேச்சை எடுக்கும் முன் இந்த அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.