பிளாட்பாரம் இருந்தும் ஏன் ரோட்டில் நடக்கிறோம்?

[காட்சி: காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, உயரமான நடைபாதை ஓரம்]

இந்தப் பாட்டியின் காலைப் பாருங்கள். நடைபாதையில் ஏறக் காலைத் தூக்குகிறார், எட்டவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பையை மறு கைக்கு மாற்றி இன்னொரு முறை பார்க்கிறார். அப்புறம் ரோட்டோரமாகவே நடக்கத் தொடங்குகிறார். "பிளாட்பாரத்தில் போனால் என்ன?" என்று கேட்பவர்கள் பாட்டியைப் பார்க்கிறார்கள், பிளாட்பாரத்தைப் பார்ப்பதில்லை.

[காட்சி: நடைபாதை ஓரத்தில் இன்ச் டேப்]

சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டி என்ன சொல்கிறது? நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு மாடிப்படி உயரம், அவ்வளவுதான். நடக்கிற இடம் தடை ஏதுமில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நம் தெருக்களிலோ பைக் ஏறக் கூடாதென்று உயர்த்திவிடுகிறார்கள். பைக்கைத் தடுக்கக் குட்டைத் தூண்கள் போதும். உயரம் தடுப்பது பாட்டியைத்தான்.

[காட்சி: ரோட்டில் வரும் கார், மெதுவாக]

சரி, ரோட்டில் இறங்கியாகிவிட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் சுமார் 14 மீட்டர் கடக்கும். ஆளைப் பார்த்து டிரைவர் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடி ஆகும். அதற்குள் ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு மேல் கார் வந்துவிடும். 30-இல் வந்தால் 8 மீட்டர்தான். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்திருப்பார்கள்.

[காட்சி: மேடான குறுக்குப் பாதை, வரைபடம்]

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. நடப்பவர் இறங்க வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும், அதனால் வேகம் தானாகக் குறையும். வேகத்தடையும் இதுவே, பாதையும் இதுவே.

அகலமான நடைபாதை நம் ஊரில் நடக்காத காரியமும் இல்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் செய்து காட்டினார்கள். கோவை மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

[காட்சி: மறுபடி அதே டேப், நெருக்கமாக]

உங்கள் தெரு நடைபாதையை அளந்து பாருங்கள். 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை என்றால் மாநகராட்சியின் 1913-க்கு அழைத்து, தெருப் பெயரையும் அளவையும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மற்ற ஊர்களில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் படத்தைக் காட்டுங்கள்.