மேடையில் ஒரு வாய்

நேயர்களுக்கு வணக்கம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என்னை வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேச வந்ததும் சாப்பாட்டைப் பற்றித்தான், நாடக மேடையில் சாப்பிடுகிற சாப்பாடு.

மேடையில் வாள் அட்டை, நகை கில்ட்டு, கண்ணீர் கிளிசரின். ஆனால் ஒரு நடிகர் ஒரு வாய் மென்று விழுங்கினால் அது மட்டும் நிஜம். முப்பது வருடமாக இதையே சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953இல் பாரிஸில் மேடையேறியது. மரத்தடியில் கோடோ என்கிற ஒருவருக்காகக் காத்திருக்கும் இரண்டு பேர், எஸ்ட்ரகனும் விளாதிமிரும். எஸ்ட்ரகனுக்குப் பசி. கேரட் கேட்கிறார். விளாதிமிர் பையைத் துழாவிக் கொடுத்தது டர்னிப். அப்புறம்தான் கேரட். அந்த வழியாக வந்த ஒருவர் தின்றுபோட்ட கோழி எலும்பையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மறுநாள் கேரட்டும் இல்லை, கருப்பு முள்ளங்கிதான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வறுமை ஒரு படி இறங்கிவிட்டது, வசனமே தேவைப்படவில்லை.

இளவயதில் நான் அந்த எஸ்ட்ரகனாக நடித்தேன். ஒத்திகை முழுக்க வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். நாடகத்தன்று இயக்குநர் நிஜக் கேரட்டைக் கொடுத்துவிட்டார். பெரிதாக ஒரு கடி கடித்துவிட்டேன். அந்தச் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். என் வசனம் வந்துவிட்டது, வாய் நிறையக் கேரட். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நான் மெல்லுகிறேன், அரங்கம் பார்க்கிறது. அவர்கள் கோடோவுக்குக் காத்திருந்தார்களோ என்னவோ, என் கேரட்டுக்குக் காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, எனக்கும்" என்றது. வசனத்தை வேகமாகச் சொல்லிவிடலாம் சார், மெல்லுவதை வேகப்படுத்த முடியாது. அன்றைக்குப் புரிந்தது.

சத்தம் இப்படி என்றால், வாசனை இன்னும் பொல்லாதது. டேவிட் ஹேரின் 'ஸ்கைலைட்', 1995, லண்டன். ஒரு பெண்ணைத் தேடி அவளுடைய பழைய காதலர் வருகிறார். அவள் தன் குளிர்ந்த வீட்டில் ஸ்பகெட்டி சமைத்தபடியே பேசுகிறாள். அடுப்பும் நிஜம், வெங்காயமும் நிஜம். உங்கள் வீட்டில் தாளிப்பு வாசனை வந்தால் கூடத்தில் இருப்பவரும் அடுக்களைக்குள் வந்துவிட்ட மாதிரிதானே? பார்வையாளர்களும் அப்படித்தான், அந்தச் சமையலறைக்குள் இழுக்கப்படுகிறார்கள். இவர்கள் சண்டைக்கு நடுவே நமக்குப் பசி!

சரி, என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. ஆர்னால்ட் வெஸ்கரின் 'தி கிச்சன்', 1959. ஓட்டல் சமையலறைதான் களம், ஆனால் ஒரு பருக்கை உணவு கிடையாது. எல்லாம் மைம், அதாவது வெறும் கையசைவு. வெஸ்கரே சமையலறையில் வேலை பார்த்தவர். வேகம், சத்தம், எரிச்சல் இவையெல்லாம் உண்டு. சமைக்கிறவருக்கு அந்த அவசரத்தில் உணவு எங்கே கண்ணில் படப்போகிறது?

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். பீட்டர் ஷூமனைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். 1963இல் நியூயார்க்கில் 'பிரெட் அண்ட் பப்பெட்' குழுவைத் தொடங்கியவர். பெரிய பெரிய பொம்மைகள். ஆட்டம் முடிந்ததும் குழுவே சுட்ட புளித்த ரொட்டியில் பூண்டுச் சாந்தைத் தடவி எல்லோருக்கும் கொடுப்பார்கள். கெட்டி ரொட்டி அது, சட்டென்று விழுங்க முடியாது. அங்கே மெல்லுவது பார்வையாளர்கள். நேரம் முடிந்தது, வணக்கம்.