அடுத்த சிப் வரும்வரை காத்திருக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர். கவுன்டர் மேல் கணினியின் மூளையான பிராசஸர் சிப்பின் பெட்டி சீல் பிரிக்காமல் இருக்கிறது. பணமும் கொண்டுவந்திருக்கிறார், ஆனால் வாங்க மனம் வரவில்லை. என்னிடம் போனை நீட்டினார். அதில் ஓர் அட்டவணை: அடுத்த தலைமுறை சிப்புகளின் பெயர், கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் தனித்தனி அலகு) எண்ணிக்கை, வேகம், விலை. "சார், இது வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாமா?" என்றார்.

அதைப் பார்த்ததும் எனக்கு வேறொரு அட்டவணை ஞாபகத்துக்கு வந்தது. 2018 டிசம்பரில் உலகம் முழுக்கச் சுற்றியது அது. பிராசஸர் செய்யும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3000 வரிசை வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் யாரோ மொத்த வரிசையையும் எழுதிவிட்டார்கள். ரைசன் 7 3700எக்ஸ்: 12 கோர், 5 கிகாஹெர்ட்ஸ், 329 டாலர். உச்சியில் 16 கோர் சிப் ஒன்று, 5.1 கிகாஹெர்ட்ஸ், 499 டாலர். அன்றைக்குச் சாதாரண டெஸ்க்டாப்பில் எட்டு கோர் என்பதே பெரிய விஷயம். படித்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

அடுத்த மாதம், 2019 ஜனவரி 9, லாஸ் வேகஸ். ஏஎம்டி தலைவர் லிசா சூ மேடையில் ஒரு சிப்பை விரலிடுக்கில் பிடித்துக் காட்டினார். மேலே மூடியிருக்கும் உலோகத் தகடு இல்லாமல், உள்ளிருப்பது தெரியும்படி. ஒரு பக்கம் பெரிய துண்டு ஒன்று. எதிர்ப்பக்கம் மூலையில் சின்னத் துண்டு ஒன்று; எட்டு கோரும் அதற்குள்தான். அந்தச் சின்னத் துண்டுக்குக் கீழே, அதே அளவில், காலி இடம். அந்தக் காலி இடத்தைத்தான் எல்லோரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இன்னொரு துண்டு வைக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்றால் எட்டும் எட்டும் பதினாறு. அன்றைய சோதனையில் அந்த எட்டு கோர் சிப், வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளில் 2057 புள்ளி எடுத்தது, போட்டி நிறுவனமான இன்டெல்லின் 9900கே சிப் 2040 எடுத்தது. ஆனால் அந்தப் புள்ளிகளைவிட அதிகம் பேசப்பட்டது, ஒன்றுமே இல்லாத அந்த இடம்தான்.

சரி, கடைசியில் என்ன வந்தது? 2019 ஜூலை 7-ல் 3700எக்ஸ் வந்தது. விலை அட்டவணையில் சொன்ன அதே 329 டாலர். ஆனால் கோர் எட்டு, வேகம் 4.4. அப்புறம் 499 டாலருக்கு 12 கோர் 3900எக்ஸ். பதினாறு கோர் சிப்பும் வந்தது, நவம்பரில், 4.7 கிகாஹெர்ட்ஸ், விலை 749 டாலர்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அந்த வதந்தியை மொத்தமாகப் பொய் என்று தள்ள முடியாது. பதினாறு கோர் வரும் என்றது உண்மை. சிப்பைத் துண்டு துண்டாகச் செய்து சேர்ப்பார்கள் என்றதும் உண்மை, அதை ஏஎம்டி சர்வர் சிப்பில் முன்பே காட்டியிருந்தது. தவறிப்போனவை வேகமும், எந்த விலைக்கு எத்தனை கோர் என்பதும். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு பிராசஸரின் உடற்கட்டு வெளியீட்டுக்குப் பல வருடம் முன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை கோர், என்ன சாக்கெட் (சிப் பொருந்தும் இடம்) என்பது, அதைத் தாங்கும் மதர்போர்டு பலகையைச் செய்பவர்களுக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். மாதிரிச் சிப்புகள் கைமாறும். லினக்ஸ் இயங்குதளத்துக்கும், நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்கும் தேவையான மாற்றங்களைப் பொதுவெளியில் வைத்தே சேர்க்கிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இத்தனை கை பட்ட ரகசியம் கசியாமல் இருக்குமா? ஆனால் வேகம் அப்படியில்லை. தொழிற்சாலையில் சிலிக்கான் தட்டுகள் வந்து, அதில் எத்தனை சிப் எந்த வேகத்தைத் தாங்குகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ரைசன் 3000-ல் பெட்டியில் போட்ட உச்ச வேகத்தையே சில சிப்புகள் தொடவில்லை. செப்டம்பரில் ஏஎம்டி குறையை ஒப்புக்கொண்டு, மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் கொடுத்தது. செய்தவர்களுக்கே இப்படி என்றால் ஏழு மாதம் முன்னால் எழுதியவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

விலை இன்னும் மோசம். அதே ஜூலை 7-ல் ஏஎம்டி ஒரு கிராபிக்ஸ் கார்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி. ஜூனில் மேடையேறி 449 டாலர் என்று அறிவித்தவர்கள், கடைக்கு வர இரண்டே நாள் இருக்கும்போது 399 ஆக்கினார்கள். நிறுவனமே கடைசி வாரம்வரை கையில் வைத்திருக்கும் எண் அது.

கம்பெனியே சொன்னால் நம்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2000-ஐ ஒட்டி, பென்டியம் 4 கட்டமைப்பு 10 கிகாஹெர்ட்ஸ்வரை போகும் என்று இன்டெல் பேசியது. நான்கைத் தொடும் முன்பே சூடும் மின்கசிவும் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டன. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கைவிட்டார்கள். அப்போது இன்டெல் தலைவராக இருந்த கிரேக் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வேகம் என்பது இயற்பியலிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று, அதற்காகச் சொல்கிறேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏமாந்த கதையும் உண்டு. 2011 அக்டோபரில் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150, எட்டு கோர். வதந்தியிலும் எட்டு, பெட்டியிலும் எட்டு. ஆனால் இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசமக் கணக்கு அலகைப் பங்கிட்டுக்கொண்டன. ஒற்றை வேலையில் தன் முந்தைய தலைமுறைக்கே பல இடங்களில் தோற்றது. "எட்டு கோர்" என்று விளம்பரம் செய்தது சரியா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019-ல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

அந்த மாணவரின் போனில் இருந்தது இன்டெல்லின் அடுத்த பிராசஸர் வரிசையான நோவா லேக். 52 கோர் என்று போட்டிருந்தது. 2026 கடைசிக்குக் கொண்டுவருவோம் என்று இன்டெல்லே சொன்ன சிப்தான், எனவே வருவதைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த 52-ஐப் பிரித்துப் பாருங்கள்: வதந்திப்படியே பெரிய கோர் 16, சின்னது 32, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது 4. கேம் விளையாடுபவருக்கு அந்த 16-ன் பலம்தான் கணக்கு. அது எவ்வளவு என்பதை எந்த அட்டவணையும் சொல்லவில்லை. சாக்கெட்டும் மாறும் என்கிறார்கள், அதாவது புது மதர்போர்டு. ஏஎம்டி பக்கம் ஜென் 6 என்ற அடுத்த வடிவமைப்பில் ஒரு துண்டுக்கு 12 கோர், மொத்தம் 24 என்று பேச்சு. ஜென் 6-ஐச் சேர்ந்த சர்வர் சிப்பை தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்கிறோம் என்று ஏஎம்டியே அறிவித்திருப்பதால், அடித்தளம் உறுதி. இரண்டிலும் அட்டவணையின் முதல் இரண்டு பத்தியை நான் படிப்பேன். வேகம், விலை என்ற கடைசி இரண்டையும் கையால் மறைத்துவிடுவேன். அதிலும் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிய ஏற்றத்தில், பிராசஸர் விலையை மட்டும் வைத்துப் போடும் பட்ஜெட் நிற்கவே நிற்காது.

அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லக் கடையில் நேரமில்லை. இரண்டே கேள்வி கேட்டேன். இப்போது என்ன வைத்திருக்கிறாய்? ஒன்பது வருடப் பழைய நான்கு கோர் மெஷின், பிராஜெக்ட்டை ஒருமுறை ஓட்டினால் நாற்பது நிமிடம் என்றார். பிராஜெக்ட் எப்போது கொடுக்கணும்? இரண்டு மாதத்தில். தன் சிப்புகள் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027-லும் அதற்குப் பிறகும் தொடர்வோம் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது, அந்த போர்டாகப் பார்த்து இன்றைக்கே எடுத்துக்கொள், காசு சேர்ந்தால் பிறகு சிப்பை மட்டும் மாற்றலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.